வாய்க்கால் அடைப்பு

1

கோடையில் காலிங்கராயன் வாய்க்காலை அடைப்பார்கள். தூர் வார, கரை கட்ட, மதகு பழுது பார்க்க. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காலிங்கராயன் வெட்டிய வாய்க்கால் இது. பவானியில், ஆறு காவேரியோடு சேரும் இடத்துக்குச் சற்று முன்னால் அணை போட்டுத் தண்ணீரைத் திருப்பி, பாம்பு மாதிரி வளைந்து வளைந்து ஏறக்குறைய 90 கிலோமீட்டர் கூட்டிக்கொண்டு வந்து, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறையில் முடித்திருக்கிறார்கள். எங்கள் காடு கடைமடையில். வாய்க்காலை அடைத்தால் முதலில் தெரிவது எங்களுக்குத்தான்.

அந்த நாட்களில் அப்பாருக்கு ஒரு வேலை இருந்தது. காலையில் எழுந்ததும் சுற்றுவட்டாரத்தில் இருக்கும் கிணறுகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துவிட்டு வருவார். எது எத்தனை படி இறங்கியிருக்கிறது என்று கணக்கு. ஒருமுறை நானும் கூடப் போனபோது சொன்னார்:

"வாய்க்கால அடைச்சு வுட்டாத்தான் கண்ணு, எந்தக் கெணறு எந்தத் தண்ணியில உசுரோட இருக்குதுன்னு தெரியும்."

தண்ணீர் ஓடும்போது எல்லாக் கிணறும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அடைத்த நாலாம் நாள் இறங்கினால் அது வாய்க்கால் கசிவில் பிழைக்கிற கிணறு. அசையாமல் நின்றால் அதற்கு வேறு ஊற்று இருக்கிறது. எங்கள் கிணறு அந்த வருடம் சரசரவென்று இறங்கியது. "நம்மது வாய்க்கால் கெணறுதான்" என்று முடிவாகிவிட்டது. அதை நம்பி அடுத்த வருடங்களில் மஞ்சள் போடுவதா, கரும்பு போடுவதா என்றெல்லாம் திட்டம் போட்டார்கள்.

சில வருடம் கழித்து இன்னொரு அடைப்பு. கிணறு இறங்கவே இல்லை. அப்பாரு மேட்டில் உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அந்த வருசம் காவேரியிலயும் தண்ணி இல்ல சாமி. நாம வாய்க்கால மட்டுந்தான் அடைச்சாங்கன்னு நெனச்சுட்டோம்."

ஒரு கருவி என்ன செய்கிறது என்று தெரிய அதை நிறுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் நிறுத்தும்போது அதை மட்டும்தான் நிறுத்தினோமா? இந்தக் கேள்வியோடு இதய ஆராய்ச்சி ஐம்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் எழுதப் போகிறேன். அதற்குள் நான் போய் விழுந்த காரணம் என் அப்பா.

2

அப்பாவுக்கு நெஞ்சு வலித்தது ராத்திரி பதினொரு மணிக்கு. வாயுப் பிடிப்பு என்று சோடா குடித்தார், ஓமத் தண்ணி குடித்தார், திண்ணையில் நடந்தார். ஈரோட்டுக்குக் கூட்டிப்போய்ச் சேர்த்தபோது விடியப்போகிறது. பலூன் வைத்து அடைப்பை நீக்கி ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் எக்கோ எடுத்தபோது இதயத்தின் பம்பிங் குறைந்திருந்தது. களத்தில் மூட்டை தூக்கிய ஆள், மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுகொள்வார்.

மருத்துவர் இளைஞர், பொறுமையாகச் சொன்னார். ரத்தம் போகாமல் செத்த தசை ஒரு பங்கு. அடைப்பைத் திறந்து ரத்தம் திரும்பப் பாய்ந்தபோது செத்தது இன்னொரு பங்கு. "தொறக்காமலும் இருக்க முடியாதுங்க. தொறந்தா அதுலயும் கொஞ்சம் சேதாரம் ஆகும். அதைத் தடுக்க இன்னிக்கு எங்ககிட்ட மருந்து இல்லைங்க."

தண்ணீர் வராததால் பயிர் காய்வது புரிகிறது. தண்ணீர் வந்ததால் சாகுமா? 1960-லேயே ராபர்ட் ஜென்னிங்ஸ் குழுவினர் நாயின் இதய ரத்தக்குழாயைக் கொஞ்ச நேரம் கட்டி, பிறகு அவிழ்த்துவிட்டு, ரத்தம் திரும்பிய பகுதியில் சேதம் வேகமாகத் தெரிவதை எழுதியிருக்கிறார்கள். ஏன் என்பதற்கான விடையில் பெரிய பங்கு கால்சியத்துக்கு. எலும்புக்கும் பல்லுக்கும் நல்லது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அதே கால்சியம்.

3

இதயத்துக்குக் கால்சியம் வேண்டும் என்பது தெரிந்ததே ஒரு கலப்படத்தால்தான்.

லண்டனில் சிட்னி ரிங்கர் என்ற மருத்துவர். ஆஸ்பத்திரியில் 'ஆர்.எல்.' பாட்டில் ஏற்றுகிறார்களே, அதில் இருக்கும் 'ஆர்' இவர்தான். தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து உப்புக் கரைசலில் வைத்துத் துடிக்கவைப்பது இவர் சோதனை. 1882-ல் கட்டுரை வெளியிட்டார். அதன் பிறகுதான் தெரிந்தது, கரைசல் காய்ச்சி வடித்த நீரில் தயாராகவில்லை, நியூ ரிவர் கம்பெனி விநியோகித்த குழாய்த் தண்ணீரில் தயாராகியிருக்கிறது என்று. சுத்தமான நீரில் திரும்பச் செய்தார். இதயம் துடிப்பு மங்கி நின்றுபோனது. குழாய்த் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு, அதாவது கால்சியம், அதுவரை இதயத்தை ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

ரிங்கர் இதை மூடி மறைக்கவில்லை. 1883-ல் அடுத்த கட்டுரையின் தொடக்கத்திலேயே, என் முந்தைய கரைசல் இன்ன கம்பெனித் தண்ணீர் என்று எழுதிவிட்டுத்தான் மேலே போனார். நவீன இதய அறிவியலின் ஒரு தூண் இந்த ஒப்புதலின் மேல் நிற்கிறது.

பின்னால் வந்தவர்கள் விவரங்களை நிரப்பினார்கள். ஒவ்வொரு துடிப்பிலும் இதயச் செல்லுக்குள் கால்சியம் எகிறும், தசை சுருங்கும். கால்சியம் வடியும், தசை தளரும். ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை. இதற்கான எரிபொருளைத் தயாரிப்பவை மைட்டோகாண்ட்ரியா. இதயச் செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இவைதான். செல்லுக்குள் நுழைந்தால் ஆலைகளுக்கு நடுவே கொஞ்சம் தசை இருப்பது மாதிரி இருக்கும்.

1961-ல் டிலூகாவும் எங்ஸ்ட்ராமும், 1962-ல் வாசிங்டனும் மர்ஃபியும், எலியின் சிறுநீரகத்திலிருந்து பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை உறிஞ்சிக் குவிப்பதைக் காட்டினார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்கு உட்பக்கம் எதிர் மின்னேற்றம். கால்சியம் அயனிக்கு நேர் மின்னேற்றம். பள்ளத்தைப் பார்த்துத் தண்ணீர் பாய்வது போல அது உள்ளே பாயும். பாய்வதற்கு ஒரு மதகு வேண்டும். அந்த மதகு எது, எதற்கு இருக்கிறது?

ஒரு விளக்கம், எரிபொருள் தேவையைச் சொல்லும் சமிக்ஞை என்பது. இதயம் வேகமாகத் துடித்தால் கால்சியம் கூடும், அது மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அங்கிருக்கும் சில நொதிகளை முடுக்கும், உற்பத்தி கூடும். இன்னொரு விளக்கம், அதே மதகு வழியாக அளவுக்கு மீறிப் பாய்ந்தால் சவ்வில் ஒரு பெரிய துளை திறந்து, ஆலையே வீங்கி வெடித்து, செல் செத்துப்போகும் என்பது. மாரடைப்பில் ரத்தம் திரும்பும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பது இந்த இரண்டாவது. சரிதானா என்று பார்க்க மதகை அடைத்துப் பார்க்க வேண்டும். எதை வைத்து அடைப்பது?

4

பி.எஸ்சி. தாவரவியல் படித்தபோது எங்கள் ஆய்வகத்தில் ஒரு சின்னக் குப்பி இருந்தது. ருத்தேனியம் சிவப்பு. விலை அதிகம் என்பதால் ஆசிரியர் அதைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். தண்டைக் குறுக்காகச் சீவி ஒரே ஒரு சொட்டு விடுவார். செல்சுவரில் பெக்டின் இருக்கும் இடமெல்லாம் ரோஜா நிறத்தில் எழும்பி வரும். சாயப்பட்டறைகளின் ஊர்ப்பக்கத்திலிருந்து போனவனுக்கு அது புதிதல்ல. எங்கள் வாய்க்காலிலும் நொய்யலிலும் வராத நிறமா?

ருத்தேனியம் பிளாட்டினத்தின் சொந்தக்காரன். 1844-ல் ரஷ்யாவின் கசான் நகரில் கார்ல் கிளாவுஸ் கண்டுபிடித்து, ரஷ்யாவின் லத்தீன் பெயரையே வைத்தார். 1890களின் தொடக்கத்தில் ஜோலி என்ற பிரெஞ்சு வேதியியலாளர் அதிலிருந்து சிவப்புச் சாயம் தயாரித்தார். லூயி மாங்கேன் அதைத் தாவரப் பெக்டினுக்குப் பயன்படுத்தினார். பிறகு பல பத்தாண்டுகள் அது தாவரவியல்காரர்களின் பீரோவில் இருந்தது.

1971-ல் மூர் என்ற ஆய்வாளர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். மைட்டோகாண்ட்ரியாவில் இந்தச் சாயத்தை மிகச் சொற்பமாகக் கலந்தால் கால்சியம் உள்ளே போவது நின்றுவிடுகிறது, மற்ற வேலைகள் நடக்கின்றன என்று. அடுத்த இருபது வருடம் உலகத்தின் மைட்டோகாண்ட்ரியா ஆய்வகங்களில் இந்தச் சிவப்புச் சொட்டு இல்லாத இடம் குறைவு. 'ருத்தேனியம் சிவப்பு போட்டோம், நின்றது, ஆகவே அது மைட்டோகாண்ட்ரியாவின் வேலை' என்று எத்தனையோ கட்டுரைகள்.

எங்கள் கிணற்றுக் கணக்கு மாதிரியே. இந்தச் சாயம் ஒரு மதகை மட்டும் அடைக்கவில்லை. இதயச் செல்லில் துடிப்புக்கான கால்சியத்தைச் சேமித்து வைத்துத் திறந்துவிடும் இன்னொரு கிடங்கு உண்டு. அதன் கதவான ரையனோடின் ஏற்பியையும் இது அடைத்தது. நரம்புச் செல்களில் வேறு சில வழிகளையும் அடைத்தது. பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவில் இது பெரிய பிரச்சினை இல்லை, அங்கே அந்தக் கதவுகள் கிடையாது. முழு இதயச் செல்லில் போட்டால்தான் சிக்கல். காவேரியும் வாய்க்காலும் ஒரே நேரத்தில் வற்றுகின்றன. கிணறு எதனால் இறங்கியது என்று யார் சொல்வது?

5

இதைவிட விசித்திரம் ஒன்று இருந்தது. 1974-ல் ரீட், பைகிரேவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் கடையில் வாங்கிய ருத்தேனியம் சிவப்பைப் பிரித்துப் பார்த்தார்கள். சுத்தமான சிவப்புச் சாயத்தைவிட, அதோடு கலந்துவந்த சிறிய மூலக்கூறு ஒன்று மதகை வலுவாக அடைத்தது. சாயம் வேலை செய்கிறது என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது, பெரும்பகுதி வேலையைச் செய்தது சாயத்தில் இருந்த கலப்படம்.

இதன் சங்கடத்தை யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு கம்பெனிக் குப்பியிலும் கலப்பட அளவு வேறு. பழைய குப்பி வேறு, புதுக் குப்பி வேறு. இரண்டு ஆய்வகங்கள் ஒரே அளவு சாயம் போட்டு இரண்டு முடிவுக்கு வந்தால் இருவருமே நேர்மையாகத் தவறியிருக்கலாம்.

1991-ல்தான் அந்தக் கலப்படத்துக்கு முகம் கிடைத்தது. பாஸ்டனில் யிங், எமர்சன், கிளார்க், சனாடி ஆகியோர் அதைத் தனியே தயாரித்து அமைப்பைச் சொன்னார்கள். சிவப்புச் சாயத்தில் மூன்று ருத்தேனியம் அணுக்கள் ஆக்சிஜன் பாலங்களால் கோத்திருக்கும். இதில் இரண்டு அணுக்கள், நடுவே ஒரே பாலம். 360 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதால் ஆர்யு360 என்று பெயர். 1998-ல் சின்சினாட்டியில் மத்லிப் குழுவினர் இதை ஒற்றை இதயச் செல்களில் போட்டுப் பார்த்தார்கள். மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கால்சியம் போவது நின்றது. கிடங்குக் கதவு, செல்லின் வெளிச்சவ்வில் இருக்கும் கால்சியம் வழிகள், தசை நொதி, எதற்கும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை. முதல்முறையாக வாய்க்காலை மட்டும் அடைக்கும் ஒரு பலகை கிடைத்தது. 2006-ல் மெக்சிகோ ஆய்வாளர்கள் எலிகளுக்கு இதைக் கொடுத்துவிட்டு மாரடைப்பு மாதிரி ஒரு நிலையை உண்டாக்கினார்கள். ரத்தம் திரும்பிய பின் கொடுக்காத எலிகளைவிட இந்த இதயங்கள் நன்றாகத் தேறின.

அப்பாவின் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் இதைப் படித்தபோது எனக்கு வந்தது கோபம். 2006-லேயே தெரிந்திருக்கிறதே, ஏன் இன்னும் மருந்து இல்லை?

காரணங்கள் இருந்தன. ஆர்யு360 காற்றுப் பட்டால் கெட்டுப்போகும். ஆக்சிஜன் நீக்கிய நீரில் கரைத்து உடனே பயன்படுத்த வேண்டும். தயாரித்தால் கிடைப்பது கொஞ்சம். பல வகைச் செல்களுக்குள் அது சரியாக நுழைவதும் இல்லை. நுழையாத தடுப்பானைப் போட்டுவிட்டு 'ஒன்றும் மாறவில்லை, ஆகவே இந்த மதகுக்கு வேலை இல்லை' என்று எழுதினால் அதுவும் பொய்க் கணக்கு. மற்ற மாற்றுகளிலும் இதே கதை. சோடியம்-கால்சியம் பரிமாற்றியை அடைக்கத் தயாரித்த கேபி-ஆர்7943 என்ற மருந்து இந்த மதகையும் அடைக்கிறது என்று பின்னால் தெரியவந்தது. அதை வைத்துப் போட்ட பழைய கணக்குகளையும் திரும்பப் பார்க்க வேண்டியதாயிற்று.

6

இத்தனைக்கும் மதகு எந்தப் புரதம் என்றே யாருக்கும் தெரியாது. 2004-ல் கிரிச்சோக், கிராபிவின்ஸ்கி, கிளாஃபாம் ஆகியோர் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வில் கண்ணாடி நுனியைப் பொருத்தி மின்னோட்டத்தை அளந்தார்கள். கால்சியத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ளும் ஒரு சின்னஞ்சிறு வழி அங்கே இருப்பது உறுதியானது. ஆளைப் பார்த்தாயிற்று, பெயர் மட்டும் தெரியவில்லை.

பெயர் 2011-ல் கிடைத்தது. ஹார்வர்டில் வம்சி மூதா குழுவும் இத்தாலியின் பதுவாவில் ரிசுத்தோ குழுவும் ஒரே சமயத்தில், 'நேச்சர்' இதழில் அடுத்தடுத்து எழுதினார்கள். எம்.சி.யு. மூதா குழு தேடிய விதம் அழகானது. ஈஸ்ட்டுக்கு இந்த உறிஞ்சல் கிடையாது, தூக்க வியாதிக்குக் காரணமான ஒட்டுண்ணியின் குடும்பத்துக்கும் நமக்கும் உண்டு. நம் இருவரிடமும் இருந்து ஈஸ்ட்டிடம் இல்லாத புரதம் எது என்று பட்டியலைச் சலித்தார்கள். முதலில் 2010-ல் மிக்யூ-1 என்ற துணைப் புரதம் மாட்டியது. அதைப் பிடித்து இழுத்ததில் எம்.சி.யு. வந்தது.

அங்கே ஒரு சின்னச் சோதனை எனக்கு ரொம்பப் பிடித்தது. எம்.சி.யு. புரதத்தில் 259-ஆம் இடத்திலிருக்கும் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றினார்கள். மதகு வழக்கம்போல வேலை செய்தது. ஆனால் ஆர்யு360 போட்டால் அடைபடவில்லை. ஒரு அமிலம் மாறியதும் பூட்டு பொருந்தாமல் போகிறது என்றால், இத்தனை வருடமும் அந்தப் பூட்டு தொங்கியது இந்தக் கதவில்தான். 1971-ன் சிவப்புச் சொட்டுக்கு நாற்பது வருடம் கழித்துக் கிடைத்த சாட்சி.

அடுத்த அத்தியாயத்தில் நம் பக்கத்து ஆட்கள் வருகிறார்கள். 1990களில் வேலூர் சி.எம்.சி.யில் கே. ஏ. பாலசுப்ரமணியனின் ஆய்வகத்தில் முனிசாமி மாதேஷ் என்ற ஆய்வாளர் இருந்தார். கல்லீரல் மைட்டோகாண்ட்ரியாவை ஆக்சிஜனின் மூர்க்கமான வடிவங்கள் எப்படிச் சிதைக்கின்றன என்று இருவரும் எழுதியிருக்கிறார்கள். பிறகு மாதேஷ் அமெரிக்கா போய், ஃபிலடெல்ஃபியாவில் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் சொந்த ஆய்வகம் அமைத்தார். 2012-ல் கார்த்திக் மல்லிலங்கராமனை முதல் ஆசிரியராகக் கொண்டு அந்தக் குழு 'செல்' இதழில் எழுதிய கட்டுரை, மிக்யூ-1 என்ன செய்கிறது என்று சொன்னது. கால்சியம் குறைவாக இருக்கும்போது மதகை மூடி வைத்திருப்பது அது. அதை நீக்கினால், சும்மா இருக்கும் நேரத்திலும் கால்சியம் உள்ளே கசிந்து, செல் சீக்கிரம் சாகத் தயாராகிறது.

எங்கள் வாய்க்காலில் இந்த வேலைக்கு வைத்திருக்கும் ஆளுக்கு லஸ்கர் என்று பெயர். மதகுச் சாவி அவரிடம் இருக்கும். அவர் இல்லாத ராத்திரியில் என்ன நடக்கும் என்று கடைமடைக்காரனுக்குத் தெரியும்.

2019-ல் மாதேஷும் கார்னெல் பல்கலைக்கழக வேதியியலாளர் ஜஸ்டின் வில்சனும் தங்கள் குழுக்களோடு சேர்ந்து ஆர்யு265-ஐ வெளியிட்டார்கள். இரண்டு ருத்தேனியம் அணுக்களுக்கு நடுவில் ஆக்சிஜனுக்குப் பதில் நைட்ரஜன் பாலம். எளிதில் கெடாது. செல்லுக்குள் தானே நுழையும். ஆக்சிஜன் இல்லாமல் வைத்துத் திரும்ப ஆக்சிஜன் கொடுத்த எலி இதயச் செல்களை இது காப்பாற்றியது. அப்பாவுக்கு நடந்ததன் கிண்ண அளவு மாதிரி அது.

7

இங்கேயே முடித்திருந்தால் நல்ல கதையாக இருக்கும்.

2013-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஃபிங்கெல் குழுவினர் எம்.சி.யு. மரபணுவே இல்லாத எலிகளை வளர்த்தார்கள். மருந்தின் பக்கவிளைவு, கலப்படம், நுழைகிறதா இல்லையா என்ற எந்தச் சந்தேகமும் இல்லாத அடைப்பு. அந்த எலிகள் செத்துப்போகும் என்று எதிர்பார்த்தவர்கள் உண்டு. எலிகள் பிழைத்தன. கொஞ்சம் சிறுத்திருந்தன, தசை வலு குறைவு. மாரடைப்புச் சோதனையில் அவற்றின் இதயம் மற்ற எலிகளின் இதயம் போலவே சேதமானது. பாதுகாப்பு இல்லை.

அப்படியானால் ஆர்யு360 எலிகளைக் காப்பாற்றியது எப்படி? இரண்டில் ஒன்று பொய்யா?

2015-ல் டெம்பிளில் எல்ராட் குழுவும் சின்சினாட்டியில் மோல்கன்டின் குழுவும் வேறு மாதிரி செய்தார்கள். எலியைச் சாதாரணமாக வளரவிட்டு, பெரிதான பிறகு இதயத்தில் மட்டும் மரபணுவை நீக்கினார்கள். இப்போது பாதுகாப்பு கிடைத்தது. கூடவே ஒரு விலையும்: திடீரென்று பயந்து ஓட வேண்டிய நேரத்தில் இந்த இதயங்களால் வேகம் பிடிக்க முடியவில்லை. கருவிலிருந்தே மதகு இல்லாத எலி வேறு வழிகளைப் பழகிக்கொண்டிருக்கலாம் என்பது பலரின் விளக்கம். பிறந்ததிலிருந்து வாய்க்காலே பார்க்காத காட்டில் விவசாயி போர் போட்டு மானாவாரி பயிர் செய்து பிழைப்பான். அந்தக் காட்டை வைத்து வாய்க்காலின் அருமையை அளக்க முடியாது. திடீரென்று ஒருநாள் அடைப்பதுதான் மருந்து செய்வது.

ஆர்யு265-க்கும் கணக்கு முடியவில்லை. எலிகளின் மூளையை ஆக்சிஜன் குறைவிலிருந்து அது ஓரளவு காத்தது. அளவைக் கூட்டியபோது வலிப்பு மாதிரி அறிகுறிகள் வந்தன. இதயத்தில் அடைக்கலாம். அதே மதகு மூளையிலும் இருக்கிறது.

8

அடைப்பு முடிந்து வாய்க்காலில் தண்ணீர் விடும் நாளில் அப்பாரு காட்டு மடையைத் திறக்க மாட்டார். முதல் தண்ணீர் குப்பையும் நாற்றமுமாக வரும். ஈரோட்டைத் தாண்டி வருவதால் சாயமும் தோல் ஷாப்புக் கழிவும் சேர்ந்து வந்த வருடங்கள் உண்டு. அதைப் போகவிட்டுவிட்டு, மறுநாள் மடையைக் கொஞ்சம் திறப்பார், மூடுவார், திரும்பத் திறப்பார். காய்ந்த மண் ஒரேயடியாகத் தண்ணீர் குடித்தால் கரை உடையும் என்பார்.

2003-ல் வின்டன்-ஜோஹான்சன் குழுவினர் நாயின் இதயத்தில் இதையே செய்திருக்கிறார்கள். அடைத்த குழாயைத் திறந்து, அரை நிமிடம் விட்டு, மூடி, திரும்பத் திறந்து. சேதம் குறைந்தது. இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அப்பாருக்குத் தெரிந்தது மருத்துவருக்கும் தெரிந்திருந்தால் என்று தோன்றியது. பிறகு மேலே படித்தேன். மாரடைப்பு நோயாளிகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோரிடம் டென்மார்க்கில் செய்து 2017-ல் வெளியிட்ட சோதனையில் தெளிவான பயன் தெரியவில்லை. மைட்டோகாண்ட்ரியாவின் பெரிய துளையை அடைக்கும் சைக்ளோஸ்போரினும் 2015-ல் பெரிய சோதனையில் தோற்றது. வாய்க்கால் உவமை எனக்கு இதயத்தைப் புரியவைத்தது. ஆனால் அந்த மருத்துவர் எதையும் மறந்துவிடவில்லை. மருந்து இல்லை என்று அவர் சொன்னது அப்படியே உண்மை. அவ்வளவு வருடத் தேடலின் நேர்மையான இன்றைய நிலவரம் அது.

அப்பாரு இப்போது இல்லை. போன கோடையில் வாய்க்காலை அடைத்தபோது அப்பா காலையில் மெதுவாக நடந்து கிணறுகளைப் பார்த்துவிட்டு வந்தார். வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்ததாகச் சொன்னார். நம் கிணறு எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ரெண்டு படி எறங்கியிருக்குது. ஆனா காவேரியில எவ்வளவு போகுதுன்னு பாத்துட்டு வந்துதான் சொல்லணும்."

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நான் வண்டியை எடுத்தேன்.